டெல்லிக்குக் காரோடு வருவதா, கார் இல்லாமல் வருவதா? மாற்றலாகி வருகிறவர்களுக்கு

முதலில் உங்கள் காரின் பதிவுச் சான்றிதழை, அதாவது ஆர்சியை, எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லிக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் எல்லோரும் வீட்டு வாடகை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், குளிருக்கு ரஜாய் என்று விசாரிக்கிறார்கள். காரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஜூன் மாதம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நவம்பரில் எனக்குப் போன் செய்கிறார்கள். நான் இருப்பது மயூர் விஹார், வேலை கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு வங்கியில். ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை நம்பர் கார், இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை நம்பர் கார் மட்டும் ஓடலாம் என்ற ஒற்றை-இரட்டை நம்பர் திட்டம் 2016இல் முதன்முதலாக வந்தபோதும் இங்கேதான் இருந்தேன். அதற்குப் பிறகு வந்த தடைகளையும் தளர்வுகளையும் ஒன்றுவிடாமல் அனுபவித்தாயிற்று. போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆர்சியில் பார்க்க வேண்டியது மூன்று: முதல் பதிவுத் தேதி, எரிபொருள், மாசு விதி. மாசு விதி என்பது பாரத் ஸ்டேஜ் (சுருக்கமாக பிஎஸ்) 3, 4, 6 என்று இருக்கும். ஐந்து கிடையாது, நாலிலிருந்து நேராக ஆறுக்குத் தாவிவிட்டார்கள். பழைய ஆர்சியில் இந்த விவரம் இல்லாவிட்டால் அரசின் எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

வாங்கிய வருடத்தை வைத்து நீங்களாக ஊகிக்க வேண்டாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்னை, டெல்லி உட்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரலிலேயே பிஎஸ்-4 வந்துவிட்டது. நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 முதல்தான். ஆகவே 2014இல் சென்னையில் வாங்கிய கார் பிஎஸ்-4, அதே வருடம் திருநெல்வேலியில் வாங்கியது பிஎஸ்-3 என்று ஆகலாம். ஊரில் இருக்கும்வரை இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. இங்கே வந்தால் அதுதான் முதல் கேள்வி.

என் சித்தப்பா மகனுக்குப் போன வருடம் நொய்டாவில் வேலை கிடைத்தது. 2016 டீசல் ஸ்விஃப்ட் வைத்திருந்தான். "அக்கா, வண்டி பளபளன்னு இருக்கு. ஒரு சர்வீஸ்கூட விட்டதில்ல. கொண்டு வந்துரட்டுமா?" என்றான். வேண்டாம்டா என்றேன். அவன் வண்டியை எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறான் என்பது இங்கே யாருக்கும் தேவையில்லாத தகவல். டெல்லியின் தடைகள் உங்கள் சைலன்ஸரிலிருந்து வரும் புகையை அளந்து போடப்பட்டவை அல்ல. வயசு, எரிபொருள், ஸ்டேஜ், சில சமயம் நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கம், இவ்வளவுதான் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் மீதி முடிவுகள் சுலபம்.

வயசு விதி

டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரிலும் 2015 ஏப்ரலிலும் போட்ட உத்தரவுகள் இவை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டெல்லிக்கு மட்டுமல்ல, நொய்டா, குருகிராம், காசியாபாத், ஃபரிதாபாத் எல்லாம் அடங்கிய தலைநகர வட்டாரம் முழுவதற்கும் பொருந்தும். "நான் உத்தரப்பிரதேசத்துப் பக்கம்தானே இருக்கிறேன்" என்று நொய்டாக்காரர்கள் சொல்வது செல்லாது.

2025இல் இந்த விதி எத்தனை குட்டிக்கரணம் போட்டது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜூலை 1 முதல் வயசான வண்டிகளுக்குப் பெட்ரோல், டீசல் கிடையாது என்று பம்புகளில் கேமரா வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், வயசை மட்டும் காரணம் காட்டி வண்டி உரிமையாளர்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பர் 17 அன்று அதைத் திருத்தி, இந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4, அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. அதாவது பழைய பிஎஸ்-3 பெட்ரோல் காரைப் பதினைந்து வருடம் தாண்டி இங்கே ஓட்டினால் நடவடிக்கை வரும்.

"அப்போ பத்து வருடம் ஆன பிஎஸ்-4 டீசல் தப்பித்ததா?" என்று கேட்பீர்கள். இன்றைய உத்தரவுப்படி வயசுக்காகப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் குளிர்கால விதி தனி.

குளிர்கால விதி

இதன் பெயர் கிராப். காற்று கெடக் கெடப் படிப்படியாகத் தடைகளைக் கூட்டும் திட்டம், 2017இல் வந்தது. காற்றுத் தரக் குறியீடு 201ஐத் தாண்டினால் முதல் நிலை, 301க்கு இரண்டாவது, 401க்கு மூன்றாவது, 450ஐத் தாண்டினால் நான்காவது. கார்காரர்களுக்கு மூன்றாவது நிலைதான் முக்கியம். அன்று முதல் பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் டெல்லியிலும் குருகிராம், ஃபரிதாபாத், காசியாபாத், நொய்டா அடங்கிய கௌதம புத்தர் நகர் மாவட்டத்திலும் ஓடக்கூடாது. மாட்டினால் அபராதம் 20,000 ரூபாய்.

இதன்படி 2019இல் ஆசை ஆசையாக வாங்கிய டீசல் காருக்கும் தடை உண்டு. பிஎஸ்-6 கட்டாயமானது 2020 ஏப்ரல் 1 முதல்தான், அதற்கு முந்தைய டீசல் எல்லாம் பெரும்பாலும் பிஎஸ்-4. வயசு ஏழுதான் ஆகிறது, கடன்கூட இப்போதுதான் முடிந்திருக்கும். இருந்தாலும் நவம்பரிலிருந்து ஜனவரிவரை மூன்றாம் நிலை வரும், போகும், மறுபடி வரும். அது இருக்கும் நாட்களில் கார் பார்க்கிங்கில் தூங்க வேண்டியதுதான். என் தம்பியின் ஸ்விஃப்ட் பிஎஸ்-3ஆ பிஎஸ்-4ஆ என்று நான் கேட்கவே இல்லை. எதுவாக இருந்தாலும் குளிர்காலத்தில் அது உதவாது.

நான்காம் நிலையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025 டிசம்பரில், வெளி மாநிலப் பதிவு கொண்ட, பிஎஸ்-6க்குக் குறைவான கார்களை டெல்லிக்குள் நுழைய விடாமல் தடுத்தார்கள். தமிழ்நாட்டு நம்பரோடு, டெல்லி-நொய்டா எல்லையான சில்லா பார்டரில் நிற்பதற்குத் தயாராக வர வேண்டாம்.

தினசரிப் பழக்கமாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை 4 மணிக்கு அன்றைய காற்றுத் தர அறிக்கையை வெளியிடும். சமீர் செயலியில் பார்க்கலாம். அது முந்தைய 24 மணி நேரத்துச் சராசரி. 380, 390 என்று ஏறிக்கொண்டே போனால் இரவுக்குள் மூன்றாம் நிலை உத்தரவு வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ கார்டில் பணம் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். இரண்டாம் நிலையிலேயே பார்க்கிங் கட்டணத்தை ஏற்றுவார்கள், மெட்ரோவில் நடைகளை முதல் நிலையிலிருந்தே கூட்டுவார்கள். காலையில் செயலியைப் பார்க்காமல் கிளம்புகிற ஆண்களை எங்கள் பேஸ்மெண்டில் ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன்.

இரண்டாவது கார் வாங்கும் யோசனை

தடை வந்ததும் நம் மூளை முதலில் போகும் இடம் இதுதான். டீசல் ஒரு பக்கம் நிற்கட்டும், குளிர்காலத்துக்கு ஒரு பழைய பெட்ரோல் ஆல்ட்டோ வாங்கிப் போட்டால் என்ன? ஒற்றைப்படை நம்பர் ஒன்று, இரட்டைப்படை ஒன்று என்று வைத்துக்கொண்டால் என்ன?

இந்த யோசனை ஒரு பெரிய நகரத்தையே கவிழ்த்திருக்கிறது. மெக்சிகோ நகரத்தில் 1989 நவம்பர் 20 அன்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து ஒவ்வொரு காரும் வாரத்தில் ஒரு நாள் ஓடக்கூடாது. 5, 6க்குத் திங்கள், 7, 8க்குச் செவ்வாய் என்று வரிசை. குளிர்காலத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்தது நிரந்தரமாகிவிட்டது. லூகாஸ் டேவிஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் 2008இல் அந்த நகரத்தின் காற்று அளவீடுகளை மணிவாரியாகப் பிரித்து ஆராய்ந்தார். காற்று மேம்பட்டதற்கு அடையாளமே இல்லை. நடந்தது வேறு: வண்டிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது, அதிலும் பழைய, அதிகம் புகைவிடும் வண்டிகள். ஒரு நாள் தடையைத் தாண்ட வாங்கிய இரண்டாவது கார், மற்ற ஆறு நாளும் வீட்டில் சும்மா இருக்குமா? கல்லூரிப் பையன் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

டெல்லியில் அப்படி நடக்காததற்குக் காரணம் எளிது. ஒற்றை-இரட்டை இங்கே எப்போதும் இரண்டு வாரக் கூத்துதான். 2016 ஜனவரி 1 முதல் 15 வரை, ஏப்ரல் 15 முதல் 30 வரை, அப்புறம் 2019 நவம்பர் 4 முதல் 15 வரை. 2023 நவம்பரில் அறிவித்துவிட்டு, மழை பெய்து காற்று தெளிந்ததும் கைவிட்டார்கள். இரண்டு வாரத்துக்காக யாரும் கார் வாங்க மாட்டார்கள். அந்த நாட்களில் பெண் ஓட்டினால் விதிவிலக்கு உண்டு, ஆனால் காரில் கணவர் இருந்தால் கிடையாது. ஆகவே எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் கார் மனைவிக்கும் மெட்ரோ கணவருக்கும் என்று பிரிந்தது. அந்த இரண்டு வாரத்தை நாங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

சீனாவில் பெய்ஜிங் இதை நீண்ட காலத் திட்டமாக்கியது. 2008 ஒலிம்பிக்ஸுக்கு ஒற்றை-இரட்டை, அந்த அக்டோபரிலிருந்து வார நாட்களில் ஒரு நாள் தடை. கார்கள் பெருகிக்கொண்டே போனதால் 2011இலிருந்து நம்பர் பிளேட்டையே குலுக்கலில் கொடுக்க ஆரம்பித்தார்கள். சிங்கப்பூர் அதற்கு முன்பே, 1990இல், கார் வாங்கும் உரிமையையே ஏலத்தில் விட்டது. அங்கே சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு சிஓஇ என்ற பெயர் பழக்கமாகியிருக்கும், கார் விலையைவிட அதைப் பற்றித்தான் புலம்புவார்கள். கார் ஓடுவதை மட்டும் தடுத்தால் ஜனங்கள் இன்னொரு கார் வாங்குவார்கள், வாங்குவதையே தடுத்தால்தான் எண்ணிக்கை நிற்கும் என்பது இந்த நகரங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆகவே இரண்டாவது காருக்குப் போகும் பணத்தை எடுத்து வையுங்கள். மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மயூர் விஹார்-1இல் நீலத் தடமும் இளஞ்சிவப்புத் தடமும் சந்திக்கின்றன. மூன்றாம் நிலை நாட்களில் அந்த நிலையத்தின் அருமை தெரியும்.

இவ்வளவு செய்து காற்று சுத்தமாகிறதா?

கொஞ்சம். 2016 ஜனவரி ஒற்றை-இரட்டையைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு, திட்டம் அமலில் இருந்த பகல் நேரங்களில் பிஎம் 2.5 நுண்துகள் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. ஏப்ரலில் அதே திட்டத்துக்குப் பலனே தெரியவில்லை. டெல்லியில் பதிவான வண்டிகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வண்டிகள், அவற்றுக்கு முழு விலக்கு. ஐஐடி கான்பூர் 2016இல் டெல்லி அரசுக்குக் கொடுத்த ஆய்வில், பிஎம் 2.5இல் வாகனப் புகையின் பங்கு சுமார் 20 சதவீதம். சாலைத் தூசி அதைவிட அதிகம். வாகனப் புகைக்குள்ளேயும் பெரும்பங்கு லாரிகளுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும்தான், கார்களுக்கு அல்ல.

சென்னையில் சாயங்காலம் கடல்காற்று வந்து அன்றைய புகையைக் கலைத்துவிடும். இங்கே கடல் இல்லை. நவம்பரில் காற்று அசையாமல் நிற்கும், குளிர்ந்த காற்று தரையோடு படிந்து மேலே ஒரு மூடி விழும், பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் எரித்த புகையும் வந்து சேரும். உங்கள் ஒரு காரை நிறுத்தியதால் மறுநாள் இந்தியா கேட் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என் அபிப்பிராயத்தில் கார்காரர்களை ஓட ஓட விரட்டிய உத்தரவுகளைவிட, சத்தமில்லாமல் நடந்த சில வேலைகள் அதிகம் செய்திருக்கின்றன. 1998இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2002 முடிவதற்குள் டெல்லியின் பேருந்துகள் எல்லாம் சிஎன்ஜிக்கு (அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு) மாறின. டெல்லிக்குள் வரும் லாரிகளுக்கு 2015 நவம்பரிலிருந்து மாசுக் கட்டணம். 2018இல் கிழக்கு, மேற்குப் புறவழி விரைவுச் சாலைகள் திறந்தன. அதுவரை, டெல்லியில் வேலையே இல்லாத லாரிகள்கூட ராத்திரி எல்லாம் நகரத்துக்குள் உறுமிக்கொண்டு போகும். நிரந்தரமான வயசு விதியும் பிஎஸ்-6உம் மெதுவாகத்தான் வேலை செய்கின்றன, ஆனால் கார் வாங்குகிறவர் மனசை மாற்றிவிட்டன. எங்கள் குடியிருப்பில் புதிதாக வருவது எல்லாம் பெட்ரோல், சிஎன்ஜி, மின்சாரம். டீசல் கார் வாங்கினேன் என்று யாரும் லட்டு கொடுத்து நாளாயிற்று.

சரி, என்ன செய்வது?

உங்களுடையது பிஎஸ்-4 அல்லது பிஎஸ்-6 பெட்ரோல் கார், பதினைந்து வருடத்துக்கு இன்னும் நிறைய இருக்கிறது என்றால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஆனால் பிஎஸ்-4 என்றால் தமிழ்நாட்டு நம்பரிலேயே காலம் தள்ளப் பார்க்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும். நான்காம் நிலையின் பார்டர் தொல்லையும் அதோடு தீரும்.

அதற்கு ஊரிலிருந்து கிளம்பும் முன்பே உங்கள் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்றிதழ்) வாங்குங்கள். கார் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். நிலுவை சலான் ஒன்று இருந்தாலும் வேலை நிற்கும், ஆன்லைனில் பார்த்துக் கட்டிவிடுங்கள். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்து படிவம் 27 கொடுத்து, மீதி ஆயுளுக்கான சாலை வரி கட்டிப் புது எண் வாங்க வேண்டும். புது ஆர்சி கைக்கு வந்ததும் தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வங்கி, மத்திய அரசு, ராணுவம் என்று அடிக்கடி மாற்றலாகும் வேலை என்றால், அடுத்த கார் வாங்கும்போது 2021இல் வந்த பிஹெச் வரிசை எண்ணைக் கேளுங்கள், இந்த அலைச்சலே இல்லை.

டீசல் கார், பிஎஸ்-4 அல்லது அதற்குக் கீழே என்றால் ஊரிலேயே விற்றுவிடுங்கள். டெல்லிக்குக் கொண்டுவந்து விற்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். இங்கே பழைய டீசலுக்கு விலை விழுந்து கிடக்கிறது. கரோல் பாக் பக்கம் பழைய கார் கடைகளில் நிற்கும் பெரிய டீசல் வண்டிகள் பல, என்ஓசியோடு வெளி மாநிலத்துக்குத்தான் போகின்றன. சென்னையிலும் கோயமுத்தூரிலும் சல்லிசாகக் கிடைக்கும் டெல்லி நம்பர் சொகுசுக் கார்களின் ரகசியம் இதுதான். டெல்லி தள்ளிவிட்ட புகையை உங்கள் தெருவில் விடுகிறீர்கள் என்பது ஒரு பக்கம். என்ஓசி அசலானதா, ஓடிய கிலோமீட்டர் உண்மையா, உங்கள் ஊரில் வரி எவ்வளவு என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இங்கே வந்து வாங்குவதானால் நான் சொல்வது கம்பெனியே பொருத்திய சிஎன்ஜி. என்னிடம் இருப்பதும் அதுதான். மூன்றாம் நிலைத் தடை அதைத் தொடுவதில்லை. ஆனால் 2019 ஒற்றை-இரட்டையில் சொந்த சிஎன்ஜி கார்களுக்கு விலக்கு கொடுக்கவில்லை, அதனால் எல்லாத் தடைக்கும் மருந்து என்று நினைக்க வேண்டாம். டிக்கியில் சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும், ஊருக்குப் போகும் பெட்டிகள் பின் சீட்டுக்கு வரும். பம்பில் வரிசை உண்டு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதித்துத் தகடு பொருத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரப்ப மாட்டார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் அந்தத் தகட்டின் தேதியையும், ஆர்சியில் சிஎன்ஜி என்று ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் மின்சாரக் கார் இதைவிட நல்லது. அடுக்குமாடியில் பார்க்கிங்குக்கு வயர் இழுக்க சங்கத்தின் அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

எந்தக் காராக இருந்தாலும் பியூசி (புகைப் பரிசோதனை) சான்றிதழ் காலாவதி ஆகாமல் இருக்கட்டும். பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஒரு வருடம் செல்லும். பெட்ரோல் பம்பிலேயே செய்வார்கள், ஐந்து நிமிட வேலை. இஞ்சின் சூடாக இருக்கும்போது போங்கள். பெட்ரோல் காரில் அவர்கள் அளப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான், எல்லோரும் பயப்படும் நுண்துகளை அல்ல. ஆனாலும் சான்றிதழ் இல்லாவிட்டால் 10,000 ரூபாய்வரை அபராதம். 2025 டிசம்பரிலிருந்து அது இல்லாமல் பம்பில் எரிபொருளும் கொடுக்கக்கூடாது என்றார்கள். கண்ணாடியில் எரிபொருள் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும்: பெட்ரோல், சிஎன்ஜிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு.

வயசு முடிந்த காரை உடைக்கக் கொடுப்பதானால் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் யாரோ கொடுக்கும் ரொக்கத்துக்கு ஆசைப்படாதீர்கள். அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள், அடுத்த காரின் சாலை வரியில் சலுகை கிடைக்க வழி உண்டு. முக்கியமாக, அந்தச் சான்றிதழை வைத்து ஆர்சியை ரத்து செய்துவிடுங்கள். ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள், காப்பீட்டுக் கம்பெனிக்கும் எழுதிவிடுங்கள். ஆர்சி உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த நம்பருக்கு வரும் சலான் எல்லாம் உங்கள் போனுக்குத்தான் வரும்.